துபாசியின் சொந்தச் சொல்: ஆனந்தரங்கப் பிள்ளையின் பணியும் நாட்குறிப்பும்

முன்னுரை

தூது தமிழர்க்குப் புதிதன்று. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு வழி அறிகிறோம். வள்ளுவரோ தூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். எனினும் பிறர் சொல்லைச் சுமந்து சென்றவர், வீடு திரும்பிய பின் தம் மனத்துள் என்ன எண்ணினார் என்பதற்கு நம் இலக்கியத்தில் சான்றுகள் அரிது. அக்குறையைப் போக்கியவர் புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை (1709 - 1761).

வணிகரும் துபாசியும்

சென்னைப் பெரம்பூரில் பிறந்த பிள்ளை, இளமையிலேயே தந்தையார் திருவேங்கடம் பிள்ளையுடன் புதுவைக்குக் குடிபெயர்ந்தார். பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கும்பினியாரின் துணி வாணிகத்தை நடத்தித் திறமை காட்டினார். தலைமைத் துபாசியாக விளங்கிய கனகராய முதலியார் 1746இல் மறைந்தார். அப்பதவிக்குப் போட்டி கடுமையாக இருந்தது. கவர்னர் டூப்ளேயின் மனைவியார் பிள்ளைக்கு ஆதரவாக இல்லை. ஆயினும் 1747இல் பதவி அவரை வந்தடைந்தது.

துபாசி என்றால் இருமொழியாளர். ஆனால் அவர் பணி மொழிபெயர்ப்போடு முடியவில்லை. நவாபுகளின் ஓலைகளுக்குப் பொருள் உரைப்பதும், யாருக்கு எவ்வளவு நசர் அனுப்புவது என்று ஆலோசனை கூறுவதும், வந்த வக்கீல்களைக் கண்டு பேசுவதும் அவர் கடமைகளாயின. வக்கீல் என்னும் அரபுச் சொல் அக்காலத்தில் அரசர்களின் முகவரைக் குறித்தது என்பதை மாணவர் நினைவிற் கொள்ள வேண்டும்.

அரசியல் ஏற்றமும் இறக்கமும்

ஐதராபாத்து நிசாம் பதவிக்கும் ஆர்க்காட்டு நவாபு பதவிக்கும் நடந்த வாரிசுப் போரில் டூப்ளே, முசாபர் ஜங்கையும் சந்தா சாகிபையும் ஆதரித்தார். பேச்சு வார்த்தைகளின் நடுவில் இருந்த பிள்ளைக்கு முசாபர் ஜங் மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் வழங்கினார். வணிகர் தூதராகி, தூதர் அரசியல்வாதியாகிய நிலை இது. புலவர் பலர் அவரைப் பாடினர். வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு எழுந்தது.

ஆனால் சந்தா சாகிபு 1752இல் கொல்லப்பட்டார். டூப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளை பதவியை இழந்தார். புதுவை ஆங்கிலேயர் கைக்கு மாறிய 1761 சனவரியிலேயே அவர் வாழ்வும் முடிந்தது.

நாட்குறிப்பு

பதவியும் மன்சபும் போயின. நின்றது 1736 செப்டம்பரில் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பே. கப்பல் வந்த செய்தி, பீரங்கி மரியாதை, சரக்கின் விலை, சோதிடம், ஊர் வம்பு, போர் என அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. சபையில் கவர்னரிடம் பணிந்து பேசியவர், இரவில் அவரது குறைகளையும் எழுதிவைத்தார். எனவே அது வெறும் அலுவற் பதிவு அன்று. பிறர் மொழியைப் பேசியே வாழ்ந்தவர் தம் மொழியைக் காத்துக்கொண்ட இடம் என்பது நம் கருத்து.

1748இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டபோது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. தலைமைத் துபாசியாலும் அதைத் தடுக்க இயலவில்லை. செல்வாக்கின் எல்லையை அவர் அன்று உணர்ந்தார், நடந்ததை எழுதிவைத்தார். ஒரு சமயத்தாரின் வழிபாட்டிடம் வீழும்போது எச்சமயத்தார்க்கும் நெஞ்சு வலிக்க வேண்டும் என்று கருதும் நாம், அப்பகுதியை எளிதில் கடந்து செல்ல இயலாது.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. தற்பெருமை உண்டு, போட்டியாளர் மீது காழ்ப்பு உண்டு, சாதி உணர்வும் உண்டு. ஆயினும், மாதா கோயிலுக்குள் தங்களைப் பிரித்து நின்ற சுவரை எதிர்த்து ஒடுக்கப்பட்ட கிறித்தவர்கள் 1745இல் முறையிட்டதை இன்று நாம் அறிவது அவர் குறிப்பினால்தான். எழுதியவரின் மனச்சாய்வையும் மீறி, எழுத்து பிறர் குரலுக்கு இடந்தந்து விடுகிறது.

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் இந்நூலுக்கு உரிய இடம் அளிக்க வேண்டும். பேச்சுத் தமிழின் ஓட்டத்தில் முசே, கும்பினீர், நவாபு, வக்கீல் என்னும் சொற்கள் இயல்பாய்க் கலந்துள்ளன. பல சமயத்தாரும் பல நாட்டாரும் அண்டை வீட்டாராய் வாழ்ந்த கடற்கரை நகரின் தமிழ் அது.

நிறைவுரை

இந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் மூலமோ 1948இல்தான் புதுவையில் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது. தமிழர் எழுதியதைத் தமிழர் பிறமொழி வாயிலாக முதலில் படிக்க நேர்ந்தது வருந்தத்தக்கது. பிரபஞ்சன் தம் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய புதினங்களால் அக்காலத்தைப் பொது வாசகர்க்கு அண்மையாக்கினார். மாணவர்கள் அவற்றோடு நின்றுவிடாமல் மூலத்தையும் நாட வேண்டும். புதுவையில் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது; ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வழியே செல்லும்போது ஒன்றை எண்ணிப் பார்ப்போம்: அவர் கவர்னருக்காகப் பேசிய சொற்கள் காற்றோடு போயின, தமக்காக எழுதிய சொற்களே நமக்குக் கிடைத்த செல்வம்.