உணவும் குருதி வெல்லமும்



"குருதி வெல்லத்தை விரைவாக உயர்த்தும் உணவு எது?" என்ற வினாவுக்கு இனிப்பை மட்டும் பார்த்து விடையளித்துப் புள்ளி இழப்போர் பலர். நாக்கில் தெரியும் இனிப்பு அன்று, குளுக்கோசு குருதியை அடையும் வேகமும் அதன் அளவுமே இங்கு முக்கியம்.

1. அடிப்படை
மாப்பொருள் சமிபாடடைந்து குளுக்கோசாகிச் சிறுகுடலில் அகத்துறிஞ்சப்படும். அப்போது சதையி சுரக்கும் இன்சுலின், குளுக்கோசு கலங்களுள் செல்ல உதவும். மிகுதியை ஈரலில் கிளைக்கோசனாகச் சேமிக்கச் செய்யும். உணவு உண்ணாத நிலையில் 100 மி.லீ. குருதியில் 70–100 மி.கி. குளுக்கோசு இருப்பது சாதாரணம். மீண்டும் சோதித்தும் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் எனின் நீரிழிவு.

2. தாவர உணவுகள்
வெந்தயம், வெண்டிக்காய், கடலை, பயறு என்பவற்றிலுள்ள கரையும் நார்ப்பொருள் குடலில் களிபோலாகி அகத்துறிஞ்சலைத் தாமதப்படுத்தும். எனவே இனிக்காத வெள்ளைப் பாண், அவித்த கடலையை விட விரைவாகக் குருதி வெல்லத்தை உயர்த்தும். தோடம்பழச் சாற்றிலும் முழுப்பழமே சிறந்தது. குரக்கன் பிட்டாயினும் அளவு கூடினால் மாப்பொருளும் கூடும்.

3. உணவுச் சேர்மானங்கள்
• அசுபாற்றேம் (951), சுக்கிரலோசு (955): மிக இனிப்பானவை, சீனியைப் போல் குருதி வெல்லத்தை உயர்த்தா.
• பெக்ரின் (440), குவார் பசை (412): கரையும் நார்ப்பொருட்கள். சேர்க்கப்படும் அளவு சிறிது என்பதால் பயனும் சிறிதே.
• மோல்ற்றோடெக்ஸ்ரின்: இனிப்புக் குறைவு, ஆனால் குளுக்கோசைப் போல் விரைவாக உயர்த்தும்.

ஆகவே "சீனி சேர்க்கப்படவில்லை" என்ற பிஸ்கற்றிலும் கோதுமை மாவும் மோல்ற்றோடெக்ஸ்ரினும் உண்டா எனப் பார்க்க வேண்டும். இலங்கையில் 2016 இல் மென்பானங்களுக்கு அறிமுகமான நிறக்குறியீட்டில் சிவப்பு, சீனி அதிகம் என்பதையும் பச்சை, குறைவு என்பதையும் காட்டும்.

4. மாதிரி வினா
நீரிழிவுக்குக் குளிசை எடுக்கும் தாய், "தினமும் பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், இனிக் குளிசை வேண்டாம்" என்கிறார். நீர் கூறும் ஆலோசனைகள் நான்கு தருக.

விடை:
(i) பாகற்காய் உணவு; மருந்துக்குப் பதிலன்று.
(ii) வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்தக் கூடாது.
(iii) வடித்த சாற்றில் நார்ப்பொருள் குறைவு. கறியாக உண்பது நன்று.
(iv) குளிசையுடன் சாற்றை அதிகம் குடித்தால் குருதி வெல்லம் மிகக் குறைந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படலாம்.

இவ்விடையைப் பரீட்சைக்காக மட்டும் பாடமாக்காதீர்கள். ஒருநாள் உங்கள் வீட்டிலேயே இதைச் சொல்ல வேண்டி வரலாம்.