சின்னத் துளையில் பெரிய மைக்

டப்பிங் கூடங்களில் மைக் கட்டியே தலை நரைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் வீட்டுக்கு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டிலேயே கதை படித்துப் பதிவு செய்கிற பிள்ளைகள். "ஐயா, இவ்வளவு காசு கொடுத்து மைக் வாங்கினேன், போனில் பதிவு செய்வதே தேவலாம்போல இருக்கு" என்றுதான் பேச்சு தொடங்கும். அப்படி வந்த மைக்குகளில் பழுதானது ஒன்றோ இரண்டோதான். கோளாறு எப்போதும் மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

1. லேப்டாப்பில் உள்ள சின்ன மைக் துளையை மறந்துவிடுங்கள். ஸ்டூடியோ மைக்கின் அடியில் மூன்று பின் இருக்கும், எக்ஸ்எல்ஆர் என்போம். அதை 3.5 மி.மீ. பின்னாக மாற்றித் தரும் ஒயர் மலிவாகக் கிடைக்கும். வாங்க வேண்டாம். மூன்று பின்னில் ஒன்று எர்த். மற்ற இரண்டில் ஒன்று குரலை நேராகவும் இன்னொன்று தலைகீழாகவும் கொண்டுவரும். வழியில் ஒயரில் தொற்றிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். வந்து சேரும் இடத்தில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் தொலையும், குரல் நிற்கும். சின்னத் துளைக்கு இந்தக் கழித்தல் கணக்கு தெரியாது. மின்சாரக் கணக்கும் உதைக்கும். கண்டென்சர் மைக் கேட்பது 48 வோல்ட். லேப்டாப் துளை கொடுப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று வோல்ட். டைனமிக் மைக்குக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் அது வெளியே அனுப்புவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான். அதை லேப்டாப் இழுத்துப் பிடித்துப் பெரிதாக்கும்போது குரலோடு 'உஸ்'ஸும் சேர்ந்து வளரும்.

2. ஆகவே நடுவில் ஒரு பெட்டி வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். சிலர் சவுண்ட் கார்டு என்றே சொல்வார்கள். மைக்கின் மெல்லிய ஒலியைத் தூக்கி, 48 வோல்ட்டையும் கொடுத்து, ஒலியை எண்களாக்கி யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். ஷூர் எஸ்எம்7பி மேல் இப்போது எல்லோருக்கும் ஆசை. நல்ல மைக்தான்; ஆனால் அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின், அதாவது ஒலியைத் தூக்கும் அளவு, தேவை. மலிவான பெட்டி அங்கே மூச்சு வாங்கும். தனியாக மேஜையில் உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் வேலை என்றால், நேராகச் செருகும் யூஎஸ்பி மைக்கே போதும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

3. வரிசை முக்கியம். கெயினையும் ஹெட்போன் சத்தத்தையும் குறைத்துவிட்டு மைக்கைச் செருகுங்கள். பிறகுதான் 48 வோல்ட் பொத்தான். கழற்றும்போது முதலில் அந்தப் பொத்தானை அணையுங்கள். பழைய ரிப்பன் மைக் கையில் கிடைத்தால் அந்தப் பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

4. எந்த மைக் பேசுகிறது என்று பாருங்கள். ஒரு தம்பி நாவல் ஒன்றில் மூன்று அத்தியாயம் படித்து எடுத்துவந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. லேப்டாப் விசிறியின் சத்தம் மட்டும் கணீரென்று கேட்டது. அவர் வீட்டுக்கே போய், மைக் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். திரையில் கோடு அசையவில்லை. லேப்டாப் விளிம்பைச் சுரண்டினேன். துள்ளிக் குதித்தது. மூன்று அத்தியாயமும் லேப்டாப்பின் உள்மைக்கில் பதிவானவை! ஆடாசிட்டியோ வேறு எதுவோ, பதிவு செய்யும் மென்பொருளில் எந்தக் கருவி வழியாக ஒலி வரவேண்டும் என்று நாம்தான் காட்டவேண்டும். விண்டோஸில் மைக் அனுமதியையும் திறக்கவேண்டும். நகத்தால் சுரண்டிப் பார்ப்பதை இன்றுவரை நான் விட்டதில்லை.

5. லெவலை அடக்கி வையுங்கள். டேப் காலத்தில் மீட்டர் முள் மேலே ஏறும்வரை தள்ளித்தான் பதிவு செய்வோம். இல்லாவிட்டால் நாடாவின் இரைச்சல் குரலை மூடிவிடும். அந்தப் பழக்கத்தை என் கை மறக்க நாளாயிற்று. டிஜிட்டலில் பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி வெட்டுப்படும், அதை ஒட்டவைக்க வழியில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் ஆள் கத்துகிற இடத்தைப் படித்துப் பார்த்து, அப்போதும் மீட்டர் −12க்கும் −6க்கும் நடுவில் நிற்கும்படி கெயினைத் திருப்புங்கள். சத்தம் போதாவிட்டால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

6. குரல் இடது காதில் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம். ஸ்டீரியோ டிராக்கில் பதிவு செய்திருப்பீர்கள். ஒரு மைக்குக்கு மோனோ.

7. பேசுவது அரைக்கணம் தாமதமாகத் திரும்பிக் கேட்டால் நாக்கு குழறும். பெட்டியில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போடுங்கள்.

8. 'ம்ம்ம்' என்று அடியில் ஓர் உறுமல் கேட்டால், அது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு போய்விடும். போகாவிட்டால் ஒயரை மாற்றுங்கள், பிளக்கை எர்த் உள்ள வேறு பாயின்டுக்குக் கொண்டுபோங்கள். மின்வெட்டில் இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவே வேண்டாம், போய்க் காபி குடியுங்கள்.

9. மைக்குக்கு முகம் உண்டு. பெரிய கண்டென்சர்களில் பெரும்பாலும் அது உச்சியில் இல்லை, பக்கவாட்டில், கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம். பின்பக்கம் பேசிவிட்டு மைக் மந்தம் என்று திட்டியவர்கள் உண்டு. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சற்றே ஓரமாகப் பேசினால் 'ப' வெடிக்காது. வெற்றுச் சுவரைப் பார்த்து உட்காராதீர்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரே உட்காருங்கள். பஞ்சு மெத்தையை முதுகுப் பக்கம் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. சீலிங் ஃபேனை நிறுத்தித்தான் ஆகவேண்டும். சென்னை மே மாதத்தில் அது எவ்வளவு கொடுமை என்று தெரியும். நானும் அப்படி வியர்த்தவன்தான். கால் மணி நேரம் படித்துவிட்டுக் கால் மணி நேரம் காற்று வாங்குங்கள்.

10. பதிவுப் பொத்தானை அழுத்திய உடனே படிக்கத் தொடங்காதீர்கள். பத்து விநாடி பேசாமல், தாள்கூடப் புரட்டாமல் உட்காருங்கள். அறையின் அமைதி தனியாகப் பதிவாகட்டும். பிறகு இருமலை வெட்டும் இடத்திலும், இரண்டு டேக்குகளை ஒட்டும் இடத்திலும் இட்டு நிரப்ப அந்தப் பத்து விநாடிதான் கைகொடுக்கும்.