மீண்டும் வகுப்பறைக்கு

நுழையும்முன்
விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் மாணவரைப் போலவே ஆசிரியரும் திரும்பி வருகின்றனர். புனே நகரில் அவ்வாறு திரும்பி வந்த ஓர் ஆசிரியையின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

மழையும் பள்ளியும்

சூன் மாதத்தில் சகியாத்திரி மலைகளைக் கடந்து மழைமேகங்கள் புனே நகரை அடைகின்றன. கடைவீதிகளில் குடைகளும் மழைச்சட்டைகளும் தொங்குகின்றன. கேந்திரிய வித்யாலயங்களில் கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடினும், கோடை விடுமுறைக்குப் பின் வகுப்பறைகள் மீண்டும் உயிர்பெறுவது இம்மழைக்காலத்தில்தான். தமிழ்நாடு, கேரளம், பீகார் எனப் பல மாநிலங்களிலிருந்து பணியிடமாற்றம் பெற்று வந்த ஆசிரியர்கள், சொந்த ஊருக்குச் சென்று, முதிய பெற்றோரைக் கண்டு, மீண்டும் தொடர்வண்டி ஏறித் திரும்புகின்றனர்.

திரும்பி வருதல் எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால், ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் இந்நகரின் வகுப்பறைக்குத் திரும்ப ஓர் ஆசிரியைக்கு மிகுந்த மனவுறுதி தேவைப்பட்டது. அவரே சாவித்திரிபாய் புலே.

கற்றவர் கற்பித்தார்

சாவித்திரிபாய் 1831ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் சாத்தாரா மாவட்டத்தைச் சார்ந்த நைகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது வயதில் ஜோதிராவ் புலேவுக்கு மணம் செய்விக்கப்பட்டார். பெண்கள் கற்பது தகாது எனக் கருதப்பட்ட காலம் அது. எனினும் ஜோதிராவ் தம் மனைவிக்கு எழுத்தறிவித்தார். பின்னர் அவர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

1848ஆம் ஆண்டில் புனே புத்வார் பேட்டையிலுள்ள பிடே வாடாவில் இருவரும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். பதினேழு வயதே நிரம்பிய சாவித்திரிபாய் அங்கு ஆசிரியையாக நின்றார். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சிலர் சேற்றையும் சாணத்தையும் வீசினர். ஆகவே மாற்றுப் புடைவை ஒன்றை அவர் உடன் எடுத்துச் சென்றார் எனப் பிற்காலத்தவர் நினைவுகூர்ந்துள்ளனர். எதிர்ப்பு வீட்டிற்குள்ளும் நுழைந்தது. ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சிய ஜோதிராவின் தந்தை, மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார். பள்ளிப்பணி சிலகாலம் தடைப்பட்டது. ஆயினும் அவர்கள் அதனைக் கைவிடவில்லை. 1851ஆம் ஆண்டு சூலை 3ஆம் நாள், சிப்ளூண்கர் வாடாவில் மற்றொரு பெண்கள் பள்ளி திறக்கப்பட்டது. முதல் நாளில் வந்தவர் எட்டுச் சிறுமியரே. எண்ணிக்கை பின்னர் படிப்படியாகப் பெருகியது.

நைகாவிலிருந்து ஒரு மடல்

1856ஆம் ஆண்டில் சாவித்திரிபாய் நோயுற்றார். ஓய்வு கொள்ளும்பொருட்டுப் பிறந்த ஊராகிய நைகாவுக்குச் சென்றார். அங்கிருந்து அக்டோபர் மாதத்தில் கணவருக்கு அவர் எழுதிய மடல் இன்றும் கிடைக்கிறது.

நோயின்போது தம்மைக் கண்ணுங்கருத்துமாகப் பேணிய உடன்பிறந்தாரைப் பற்றி அம்மடலில் நன்றியுடன் எழுதுகிறார். ஆனால், அவரே புனேயில் நடைபெறும் பணியைக் குறைகூறியதையும் மறைக்கவில்லை. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மகார், மாங் மக்களுக்குக் கற்பிப்பதால் குடும்பத்திற்கு இழிவு நேர்கிறது. சாதி வழக்கத்தைப் பின்பற்றி நடத்தலே நன்று என்பது அவர் கருத்து.

அன்புடன் பேணியவரே கூறும் தடைச்சொல்லை மறுப்பது அரிது. தெருவில் சேறு வீசியவரைப் பொருட்படுத்தாமல் நடந்து செல்லலாம். நோயில் உணவூட்டிய கையை அவ்வாறு விலக்கிச் செல்லல் இயலாது. சாவித்திரிபாய் சினந்து பேசவில்லை, அஞ்சி அடங்கவுமில்லை. கல்வி தருவதன் நன்மையை எடுத்துரைத்தார். முடிவில் உடன்பிறந்தார் தம் பிழையை உணர்ந்தார் என மடல் தெரிவிக்கிறது.

அம்மடலில் மற்றொரு செய்தியும் உண்டு. உடல் முற்றும் தேறியவுடன் புனேவுக்குத் திரும்புவதாக எழுதும் அவர், உடன்பணியாற்றிய பாத்திமாவை நினைக்கிறார். தாம் இல்லாமையால் அவருக்குப் பணிச்சுமை மிகுந்திருக்கும். எனினும் அவர் முணுமுணுக்க மாட்டார் என நம்புகிறார். ஓர் ஆசிரியர் விடுப்பில் சென்றால், அவருடைய வேலையை மற்றொருவர் சுமக்கிறார். அதனை உணர்ந்தமையால்தான் தாம் திரும்பும் நாளைச் சாவித்திரிபாய் எண்ணிக்கொண்டிருந்தார்.

நிலம் போன்றவர்

தமிழ் இலக்கண நூலாகிய நன்னூல், நல்லாசிரியருக்கு நிலத்தை உவமையாகக் கூறுகிறது. உறுதியும் பொறுமையும் நிலத்தின் பண்புகள். உரிய பருவத்தில் உழவர் செய்யும் முயற்சிக்கு ஏற்ற பயனை அது தருகிறது. அவமதிப்பைப் பொறுத்து, பணியில் உறுதியாக நின்ற சாவித்திரிபாய்க்கு இவ்வுவமை நன்கு பொருந்துகிறது.

1897ஆம் ஆண்டில் புனேயைப் பிளேக் நோய் தாக்கியது. நோயுற்றோருக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய், அந்நோய்க்கே ஆளாகி மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். 2014ஆம் ஆண்டில் புனே பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பிடே வாடாவின் சிதைந்த கட்டடம் 2023ஆம் ஆண்டின் இறுதியில் நினைவிடம் அமைக்கும்பொருட்டு அகற்றப்பட்டது.

அவர் கற்பித்த முதல் வகுப்பறையின் சுவர்கள் இன்று இல்லை. எனினும், அவர் நடந்த புனேயின் தெருக்களில் ஒவ்வொரு சூன் மாதமும் சிறுமியர் புத்தகப் பையுடன் பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு முன்னரே ஆசிரியர்கள் வந்து வகுப்பறையைத் திறந்து வைத்திருக்கின்றனர்.

சொல்லும் பொருளும்
வாடா – முற்றத்தைச் சூழ்ந்து கட்டப்பட்ட பெரிய வீடு (மராத்திச் சொல்)
மடல் – கடிதம்
பேணுதல் – பாதுகாத்தல்
இழிவு – மதிப்புக் குறைவு

மதிப்பீடு

அ. குறுவினா
1. சாவித்திரிபாய் மாற்றுப் புடைவையை உடன் கொண்டு சென்றது ஏன்?
2. 1851ஆம் ஆண்டுப் பள்ளியின் முதல் நாளில் எத்தனை சிறுமியர் வந்தனர்?

ஆ. சிந்தித்து எழுதுக
தெருவில் எதிர்த்தவர், அன்புடன் பேணிய உடன்பிறந்தார் – இவ்விருவருள் யாருக்கு விடையளிப்பது கடினம்? காரணம் தருக.

இ. பிரித்து எழுதுக
மனவுறுதி, இந்நகர், பணிச்சுமை

ஈ. மொழியோடு விளையாடு
மராத்தியில் பள்ளியை ‘ஷாளா’ என்பர். தமிழிலுள்ள ‘பாடசாலை’ என்னும் சொல்லோடு ஒப்பிடுக. ‘சாலை’ என முடியும் வேறு மூன்று சொற்களை எழுதுக.

உ. செயல்பாடு
பள்ளியில் பணியாற்றும் வெளிமாநில ஆசிரியர் ஒருவரிடம், விடுமுறையில் அவர் மேற்கொண்ட பயணத்தைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுக.