கேட்காமலே செய்துவிடும் வாசகர்

அன்புள்ள இளம் தொழில்நுட்ப எழுத்தாளருக்கு,

உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்கு ஆவணம் எழுதும் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். இதுவரை அந்த ஆவணத்தைப் படித்தவர்கள் புரோகிராமர்களும் இணைய இதழாசிரியர்களும்தான். புரியாவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பார்கள். சந்தேகம் இருந்தால் சோதனைத் தளத்தில் செய்து பார்ப்பார்கள். இப்போது ஏஐ ஏஜென்டும் அதைப் படிக்கிறது. படித்த கையோடு வேலையிலும் இறங்கிவிடுகிறது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஏஜென்டுகளைக் கருவிகளோடு இணைக்க மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு கருவியைப் பற்றியும் ஏஜென்டை இயக்கும் மாடலுக்குப் போய்ச் சேர்பவை முக்கியமாக மூன்று: பெயர், விளக்கம், என்னென்ன உள்ளிட வேண்டும் என்ற பட்டியல். கருவிக்குள் இருக்கும் நிரல் பொதுவாக அதன் கண்ணில் படுவதில்லை. அந்தச் சில வரிகளை நம்பித்தான் எந்தக் கருவியை எடுப்பது, எதை விடுவது என்று அது தீர்மானிக்கிறது. அந்த வரிகளை எழுதப்போகிறவர் நீங்கள்.

வேர்ட்பிரஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் வெளிவந்த மென்பொருள் அது. பதிவுகளை வெளியிலிருந்து எழுதவும் திருத்தவும் நீக்கவும் உதவும் ரெஸ்ட் ஏபிஐ, 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பில் அதனுள் முழுமையாகச் சேர்ந்தது. அந்த ஏபிஐ வழியாக ஒரு பதிவை நீக்கச் சொன்னால், வழக்கமான அமைப்பில் அது குப்பைத்தொட்டிக்குப் போகும். 30 நாள் அங்கே கிடக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். படத்தின் கதை வேறு. ஊடகக் கோப்புகளுக்கு வழக்கமான அமைப்பில் குப்பைத்தொட்டி கிடையாது. நீக்கச் சொன்னால் 501 என்ற பிழை வரும். ‘இதைக் குப்பைக்கு அனுப்ப முடியாது, நீக்க வேண்டுமானால் ஃபோர்ஸ் என்பதை ட்ரூ என்று கொடுங்கள்’ என்பது அந்தப் பிழைச்செய்தியின் சாரம். அனுபவமுள்ள மனிதர் இதைப் படித்ததும் கையை எடுத்துவிடுவார். ஏஜென்டுக்கோ அது அடுத்துச் செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்லும் கட்டளையாகத் தோன்றலாம். ஏஜென்ட் அதன்படியே செய்துவிட்டால் படம் நிரந்தரமாகப் போய்விடும்.

அதனால் பிழைச்செய்தியையும் ஆவணத்தின் பகுதியாகவே நினையுங்கள். ‘இப்படிச் செய்தால் கோப்பு திரும்பாது, பயனரின் ஒப்புதல் பெற்ற பிறகே தொடரவும்’ என்ற ஒரு வரி அங்கே இருந்திருந்தால் ஏஜென்ட் நின்று கேட்க வழியிருந்திருக்கும்.

சத்தமில்லாமல் நடக்கும் சேதம் இன்னும் மோசம். ஒரு பதிவு ஏற்கெனவே ‘அரசியல்’, ‘தேர்தல்’ என்ற இரண்டு பிரிவுகளில் இருக்கிறது. ‘மதுரை’ என்ற பிரிவையும் சேர்க்க நினைத்து, அதன் எண்ணை மட்டும் ஏஜென்ட் அனுப்புகிறது. பழைய இரண்டும் போய் மதுரை மட்டும் மிஞ்சும். ஏனென்றால் பிரிவுகளுக்கான புலம் (ஃபீல்ட்) பட்டியலை முழுசாக மாற்றுகிறது. பிழை எதுவும் வராது, வேலை வெற்றி என்றே பதில் வரும். ‘சேர்க்காது; மாற்றும்’ என்ற இரண்டே சொல்லை எழுதினால் போதும்.

நேரத்திலும் இதே கவனம் தேவை. ‘டேட்’ புலம் தளத்தின் உள்ளூர் நேரம். ‘டேட் ஜிஎம்டி’ கிரீன்விச் நேரம். சென்னைத் தளம் ஒன்றில் இரண்டையும் குழப்பினால் காலை 6 மணிச் செய்தி ஐந்தரை மணி நேரம் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும்.

தமிழில் எழுதும் தளங்களுக்கென்றே இன்னொரு சங்கதி உண்டு. பதிவின் முகவரிப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 குறிகள். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் இணைய முகவரியில் 9 குறிகளாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு மட்டுமே 45 குறிகள் ஆகும். நீளமான தமிழ்த் தலைப்பிலிருந்து உருவாகும் முகவரி பாதியில் வெட்டுப்படும்; ஏஜென்ட் தான் அனுப்பிய முகவரியே நிலைத்தது என்று நம்பி வேறு பதிவுகளில் உடைந்த இணைப்புகளைப் போட்டுக்கொண்டே போகும். ‘பதிலில் வரும் முகவரியையே பயன்படுத்தவும்’ என்று ஆவணத்தில் சொல்லுங்கள்.

ஆவணம் நன்றாக இருந்தாலும் அது பூட்டு ஆகாது. ஏஜென்டுக்கு நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தர வேண்டாம் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் ‘கான்ட்ரிபியூட்டர்’ என்ற பொறுப்பில் இருப்பவர் பதிவை எழுதலாம், வெளியிட முடியாது. முதல் சில மாதங்களுக்கு ஏஜென்டுக்கு அதுவே போதுமானது.

எழுதியதைச் சரிபார்க்க நேரான வழி ஒன்று இருக்கிறது. சோதனைத் தளம் ஒன்றில் உங்கள் ஆவணத்தை மட்டும் ஏஜென்டிடம் கொடுத்து, ஒரு படத்தை மாற்றவும் ஒரு பதிவின் பிரிவைத் திருத்தவும் சொல்லுங்கள். அது எங்கே ஊகிக்கிறதோ அங்கே உங்கள் வாக்கியம் குறையாக இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்த முடியாது. நீக்கும் கருவிகளிலிருந்து ஆரம்பியுங்கள். நீக்கியது எங்கே போகும், எத்தனை நாள் இருக்கும், யாரால் மீட்க முடியும் என்ற மூன்றையும் ஒவ்வொன்றின் விளக்கத்திலும் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.