இறுகாத கண்ணி

கேள்வி: பாய்மரப் படகு ஓட்டப் பழகப் போகிறேன். முதலில் எந்த முடிச்சைக் கற்றுக்கொள்வது?

பதில்: சந்தேகமே வேண்டாம், போலைன். எவ்வளவு இழுத்தாலும் இதன் கண்ணி சுருங்காது. 1627இல் ஜான் ஸ்மித் எழுதிய கடல் நூலிலேயே இந்த முடிச்சின் உறுதி பேசப்படுகிறது. பழைய கப்பல்களில் சதுரப் பாயின் காற்றுப்பக்க விளிம்பை முன்னோக்கி இழுத்துப் பிடித்த கயிற்றின் பெயர்தான் முடிச்சுக்கும் வந்தது. இன்று முன்பாயின் மூலையில், பாயை இழுத்துக் கட்டுப்படுத்தும் ஷீட் கயிற்றைக் கட்டுவதும் இந்த முடிச்சால்தான்.

கயிற்றில் சின்ன வளையம் போடுங்கள். முனையைக் கீழிருந்து வளையத்துக்குள் ஏற்றி, நீள்கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே இறக்குங்கள். முயல் வளையிலிருந்து வந்து, மரத்தைச் சுற்றி, திரும்ப வளைக்குள் போகிறது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நாள் முழுக்கக் காற்று இழுத்த முடிச்சாக இருந்தாலும், பின்னால் வளைந்திருக்கும் கழுத்தைக் கட்டைவிரலால் தள்ளினால் நெகிழ்ந்துவிடும். அந்த அழகுக்காகவே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

ஆனால் கயிறு விறைப்பாக இருக்கும்போது இதை அவிழ்க்க முடியாது. வழுக்கும் நைலான் கயிறு தொய்ந்து ஆடினால் தானே கழலவும் கூடும். முனையை நீளமாக விடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரீஃப் முடிச்சு, சுருக்கிய பாயைக் கட்டிவைக்க மட்டுமே. அதை வைத்து இரண்டு கயிறுகளை இணைத்து உயிரை ஒப்படைக்காதீர்கள். ஒரு முனையை வெடுக்கென இழுத்தாலே உருவிக்கொண்டு வந்துவிடும். இணைக்க ஷீட் பெண்ட் இருக்கிறது. போலைன் கைக்குப் பழகியபின் அதைக் கற்பது எளிது, இரண்டுக்கும் உருவம் ஒன்றுதான்.