இங்கிலாந்தில் வீட்டிலேயே பிள்ளை பார்க்க…

8 வயதுக்குட்பட்ட பிறர் பிள்ளையை உங்கள் வீட்டில், சம்பளத்துக்கு, நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் பதிவு கட்டாயம். கல்வி, குழந்தைப் பராமரிப்பை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ, சைல்ட்மைண்டர் (வீட்டில் பிள்ளை பார்ப்பவர்) ஏஜென்சியிலோ பதியலாம்.

முதலில் 12 மணி நேரக் குழந்தை முதலுதவிப் பயிற்சியை முடித்துவிடுங்கள்; 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீட்டில் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. கூடவே இருக்கும் மாமியார், படிக்க வந்து தங்கியிருக்கும் தம்பி என யாரும் விதிவிலக்கல்ல. முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒரே நேரத்தில் 8 வயதுக்குள் 6 பேர்தான். அதில் பள்ளிப் பருவத்துக்கு முந்தையவர்கள் பொதுவாக 3, ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை 1. சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி!

பதிவுக்காக வீட்டைப் பார்க்க ஆய்வாளர் வருமுன் ஒருமுறை தரையில் தவழ்ந்தே வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குத்துவிளக்கு, ஊதுபத்தி, மாத்திரை டப்பா எல்லாம் எந்த உயரத்தில் இருக்கின்றன?