கேரவனுக்குச் சுருள் நிழற்கூரை

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சுற்றுலா கேரவனின் பக்கவாட்டில் விரிக்கும் சுருள் நிழற்கூரை இரு வகைப்படும். பிரிட்டிஷ் கேரவன்களின் விளிம்புக் காடியிலேயே செருகிக்கொள்வது பை வகை. துளையிட வேண்டாம், எடையும் குறைவு. பெட்டி வகை சுவரில் திருகப்படுவது. எதுவானாலும் அதன் எடை, கேரவனுக்கு அனுமதிக்கப்பட்ட சுமையில் சேரும். வாங்கும் முன் காடியின் நேரான பகுதியை அளப்பது அவசியம். வளைவில் பை பொருந்தாது.

விரித்ததும் ஒரு காலைச் சற்றுத் தாழ்த்தினால் மழைநீர் வழிந்தோடும். இல்லையேல் துணியின் நடுவே குளம்போலத் தேங்கி, சட்டங்களையே வளைத்துவிடும். கால்களுக்கு முளையடித்து, மேலே இழுவைப் பட்டையும் கட்டலாம். ஆனாலும் இதைக் குடையாக நினைப்பதே சரி: பலத்த காற்று எழுந்தால் சுருட்டிவிட வேண்டும். ஆளில்லாதபோது விரித்து வைக்கவே கூடாது. ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், ஓரிரு நாளில் மீண்டும் விரித்து உலர்த்த வேண்டும். பூஞ்சைக் கறை எளிதில் போகாது.